வீடியோவில் இருபது விநாடி, தொட்டியில் ஏழு நாள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேச்சு நடையைக் கூடியவரை மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

நான் 1981 முதல் 84 வரை இங்கே தாவரவியல் படித்தவன். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, 1990-ல் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தேன். 2022-ல் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட 32 வருஷமும் சின்னப் பிள்ளைகளோடுதான். இந்த மேடையில் டாக்டர்கள், என்ஜினீயர்கள், வங்கி அதிகாரிகள் எல்லாம் பேசியிருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி வாத்தியாரைக் கூப்பிட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்தின் செயற்குழு, சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பெரிய திரை டி.வி.யும், அதில் போட்டுக் காட்ட அனிமேஷன் பாட வீடியோக்கள் நிறைந்த பென் டிரைவும் வாங்கித் தரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. செயலாளர் போன் செய்து, "அண்ணே, நீங்கதான் இதையெல்லாம் வகுப்புல போட்டுப் பார்த்தவர். நல்லதா கெட்டதான்னு இருபது நிமிஷம் பேசிடுங்க" என்றார். பணம் கொடுக்கப் போகிறவர்கள் நீங்கள். எனவே ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிடுகிறேன். சில இடங்களில் எனக்கே வெட்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய ஞாபகம். தூர்தர்ஷனில் ஹிந்தியில் ஒரு கார்ட்டூன் படம் போடுவார்களே, வலையில் மாட்டிக்கொண்ட பறவைகள் எல்லாம் சேர்ந்து வலையோடு பறந்து போகும், எலிகள் வந்து வலையைக் கடித்துவிடும். 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்று பெயர். 1974-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்டது. விஜயா முலே என்ற அம்மையார் உருவாக்கியது. நமக்கு ஹிந்தியில் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் கதை புரிந்தது. இந்த அரங்கத்தில் 50 வயதைத் தாண்டிய பாதிப்பேருக்கு அந்தப் பறவைகள் இன்றைக்கும் கண்ணில் நிற்கும். அசையும் படத்துக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அதனால்தான் 2016-ல் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தபோது, தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். நான் மூன்று வகுப்பைப் பார்க்கவேண்டும். ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டும் சந்தை மாதிரி இருக்கும். புரொஜெக்டர் வந்த பிறகு என்ன ஆயிற்று என்றால், ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி, வீடியோவைப் போட்டுவிட்டால், 40 பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். பார்வையிட வந்த அதிகாரிகூட "ரொம்ப ஒழுங்கா இருக்காங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த அமைதியை நான் படிப்பு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகத்தான் அந்த மெஷினை நான் வைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

அது உடைந்தது ஒரு மொச்சைக் கொட்டையால்.

மூன்றாம் வகுப்புக்கு விதை முளைத்தல் பாடம். நான் தாவரவியல் பட்டதாரி, இது என் சொந்தப் பாடம் மாதிரி. நல்ல அனிமேஷன் வீடியோ ஒன்று கிடைத்தது. மண்ணைக் குறுக்கே வெட்டிக் காட்டுவார்கள். விதை உப்பும், தோல் கிழியும், முளைவேர் கீழே இறங்கும், முளைக்குருத்து வளைந்து மேலே எழும், மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்து இரண்டு இலை விரிக்கும், சூரியன் சிரிக்கும். எல்லாம் சேர்ந்து இருபது விநாடி. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இன்னொரு வாட்டி சார்" என்றார்கள். மூன்று தடவை போட்டேன். பிறகு ஆளுக்கொரு மொச்சைக் கொட்டையைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊன்றச் சொன்னேன். கேள்வி கேட்டபோது முளைவேர், முளைக்குருத்து எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. எனக்குப் பரம திருப்தி.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், ஒரு பையன் தன் சிரட்டையைக் கவிழ்த்துத் தோண்டிக்கொண்டிருக்கிறான்.

"ஏண்டா தோண்டினே?"

"செத்துப்போச்சு சார்."

"யார் சொன்னா?"

"டி.வி.ல உடனே வந்துச்சு. இது ரெண்டு நாளா வரலை. செத்துப்போச்சு."

கையில் வாங்கிப் பார்த்தேன். கொட்டை நன்றாக உப்பியிருந்தது. தோல் கிழிந்து, வெள்ளையாக முளைவேர் கால் அங்குலம் வெளியே வந்திருந்தது. அவன் தோண்டிய வேகத்தில் அது ஒடிந்திருந்தது. உயிரோடு இருந்ததைத்தான் செத்ததாக நினைத்துத் தோண்டியிருக்கிறான். மற்றவர்களை விசாரித்தால், இன்னும் நாலைந்து பேர் லேசாகக் கிளறிப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள், பயத்தில் சொல்லவில்லை. அவர்கள் மேல் என்ன தப்பு? ஏழு நாளை இருபது விநாடியில் சுருக்கியிருக்கிறார்கள் என்பதை வீடியோவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நமக்கு அது சொல்லாமலே தெரியும். எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. கொசு ஒழிப்பு பற்றிய கார்ட்டூன் ஒன்றை எல்லா வகுப்புக்கும் போட்டு வந்தேன். பாட்டோடு இருக்கும், பிள்ளைகளுக்கு மனப்பாடம். மொச்சைக் கொட்டை விஷயத்தால் எனக்குச் சந்தேகம் தட்டி, பிள்ளைகளைப் பள்ளியின் சிமெண்டுத் தொட்டிக்கு அழைத்துப்போனேன். தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து போகின்றன. "இது என்ன?" என்று கேட்டேன். "தண்ணிப்பூச்சி", "மீன் குஞ்சு", "தலைப்பிரட்டை" என்றெல்லாம் பதில் வந்தது. ஒரு பிள்ளைகூடக் கொசுப்புழு என்று சொல்லவில்லை. நான் சொன்னதும் ஒரு பெண் ஒப்புக்கொள்ளவே இல்லை. "இல்ல சார், கொசுக்குட்டிக்குக் கண்ணு பெருசா இருக்கும், பல்லு இருக்கும்" என்றாள். கார்ட்டூன்காரர் பிள்ளைகளுக்குப் பிடிக்கவேண்டும் என்று புழுவுக்கு முழியும் பல்லும் வைத்திருக்கிறார். அந்தத் தொட்டியில்தான் பிள்ளைகள் தினமும் கை கழுவினார்கள். எங்கள் ஊரில் அந்த வருஷம் டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு வீட்டில் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் கர்ண பரம்பரையாக ஒரு கதை சொல்வார்கள். 1943-ல் டிஸ்னி நிறுவனம் மலேரியாவைப் பற்றிக் கார்ட்டூன் படம் எடுத்தது, அது உண்மை. அந்த மாதிரி ஒரு படத்தை ஏதோ ஒரு நாட்டுக் கிராமத்தில் போட்டபோது, திரையில் யானை அளவு தெரிந்த கொசுவைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, எங்க ஊர் கொசு சின்னதுதான், எங்களுக்குக் கவலை இல்லை" என்று கிராமத்தார் சொன்னார்களாம். இது கதைதான். நாங்கள் பயிற்சியில் கேட்டுவிட்டு, கிராமத்தாரை நினைத்துச் சிரித்தோம். தொட்டியடியில் நிற்கும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

இதற்கப்புறம்தான் நான் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். என் மகள் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துத் தருவாள்; நான் அகராதியை வைத்துக்கொண்டு உட்காருவேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் பேராசிரியர் இதிலேயே பல வருஷம் ஆராய்ச்சி செய்தவர். 2005-ல் அவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது, கழிவறைத் தண்ணீர்த் தொட்டி எப்படி வேலை செய்கிறது, கடல் அலை, கார் பிரேக் என்று நான்கு விஷயம். ஒரு கூட்டத்துக்குக் குரல் விளக்கத்தோடு அனிமேஷன். இன்னொரு கூட்டத்துக்கு அதே விஷயம், தாளில் அச்சடித்த அசையாப் படங்களும் வாசகமும். பார்த்தவர்கள் சின்னப் பிள்ளைகளும் இல்லை, கல்லூரி மாணவர்கள். நான்கில் ஒன்றில்கூட அனிமேஷன் கூட்டம் தாள் கூட்டத்தை முந்தவில்லை. சில பரிசோதனைகளில் தாள் கூட்டமே மேல்.

காரணம் யோசித்தால் தெரியும். தாளில் இருக்கிற படம் ஓடாது. முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று படிக்கிறவனே மனசுக்குள் அசைத்துப் பார்க்கவேண்டும். அந்த வேலையில்தான் பாடம் உள்ளே போகிறது. வீடியோவில் அசைக்கிற வேலையைத் திரையே செய்துவிடுகிறது. தவிர, கண் ஓரிடத்தைப் பார்க்கும்போது இன்னோரிடத்தில் நடந்தது போய்விடுகிறது. அதற்காக அனிமேஷனே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2007-ல் ஹாஃப்லர், லாய்ட்னர் என்ற இருவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மொத்தத்தில் அனிமேஷனுக்குத்தான் சாதகமாக வந்தது. அதிலும் கையால் ஒரு வேலையைச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு அது நன்றாக உதவுகிறதாம். முடிச்சுப் போடுவதைப் புத்தகம் பார்த்துக் கற்ற கஷ்டம் தெரிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள்.

இங்கே நான் ஒருவரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்; இரண்டாவது வரிசையில் இருக்கிறார். எங்களுக்குத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். சாக்குக்கட்டியை எடுத்தால் முதலில் ஒரு வட்டம். நாங்கள் வட்டம் போட்டு முடிக்கும்வரை நிற்பார். அப்புறம் புறத்தோல். அப்புறம் புறணி. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு அடுக்காக வரும். யாராவது பின்தங்கினால் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, வாஸ்குலார் கற்றையை விட்டுட்டியா?" என்பார். ஐம்பது நிமிஷத்தில் ஒரே ஒரு படம். யோசித்துப் பாருங்கள், அதுவும் அசையும் படம்தானே? ஒன்றுமில்லாத பலகையில் கண்ணெதிரே ஒரு தண்டு வளர்ந்தது. ஆனால் அது எங்கள் கையின் வேகத்தில் வளர்ந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. நாற்பது வருஷம் கழித்தும் அந்தப் படத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். வேண்டுமானால் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக் காட்டுகிறேன்.

சரி, நான் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன்.

முதல் காரியம், ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன் என்றேனே, அதை நிறுத்தினேன். 1975 ஆகஸ்டிலிருந்து 76 ஜூலை வரை, நம் நாட்டில் 'சைட்' என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சி. தமிழ்நாடு அதில் இல்லை. பக்கத்தில் ஆந்திராவும் கர்நாடகமும் இருந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி நிகழ்ச்சி வந்தது. அந்த வாத்தியார்களிடம் இல்லாத ஒரு பொருள் நம்மிடம் இருக்கிறது, நிறுத்துகிற பொத்தான். வானத்திலிருந்து வருகிற படத்தை, "கொஞ்சம் நில்லு, என் பையனுக்குப் புரியலை" என்று அவர்களால் சொல்ல முடியாது. நம்மால் முடியும். முடிந்தும் நான் ஒரு வருஷம் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை.

இருபது விநாடி வீடியோவை இருபது நிமிஷம் நடத்த ஆரம்பித்தேன். விதை உப்பியதும் நிறுத்தி, "அடுத்து எது வெளிய வரும்? வேரா, இலையா? மேல போகுமா, கீழ போகுமா?" என்று கேட்பேன். சிலேட்டில் படம் போட்டுக் காட்டவேண்டும். சண்டை நடக்கும். அப்புறம் போட்டால், தான் சொன்னது சரியா என்று பார்க்கிற ஆவலில் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1996-ல் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்று பாலர் நிகழ்ச்சி ஒன்று வந்ததாம். அதில் வருகிறவர் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் குழந்தை பதில் சொல்லட்டும் என்று சும்மா காத்திருப்பார். ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். குழந்தைகள் சலித்துக்கொள்ளவில்லை; நாள் ஆக ஆக இன்னும் அதிகமாகத் திரையைப் பார்த்துப் பதில் சொன்னார்கள் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களாகிய நமக்குத்தான் தினம் ஒரு புது வீடியோ வேண்டும்.

இரண்டாவது, சத்தத்தை அடைத்தேன். இது தற்செயலாக நடந்தது. ஒரு நாள் ஸ்பீக்கர் ஒயர் எலி கடித்து அறுந்துபோயிற்று. நீர்ச் சுழற்சி வீடியோ. வேறு வழியில்லாமல், "நீங்களே சொல்லுங்கடா" என்றேன். ஒருவன் எழுந்து கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பித்தான்: "வெயிலு சுள்ளுனு அடிக்குது, கடல் தண்ணி சூடாவுது, ஆவியா மேல போவுது, மேல குளிரு, ஒண்ணா சேந்து மேகமாவுது..." வீடியோவில் வரும் அம்மையார் 'ஆவியாதல்', 'ஆவி சுருங்குதல்' என்று சுத்தமான தமிழில் அழகாகத்தான் சொல்வார். ஆனால் அதுவரை பிள்ளைகள் அந்தச் சொற்களை மந்திரம் மாதிரித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னதும் யாருக்கு எங்கே முட்டுகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. ஒரு பெண் வர்ணனையை நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "சார், கடல்ல மட்டுந்தான் தண்ணி ஆவியாவுமா? அப்ப எங்கம்மா காயப்போடற பாவாடையில இருக்கிற தண்ணி எங்க போவுது?" நான் பார்த்த எல்லா நீர்ச் சுழற்சிப் படத்திலும் கடல்தான் இருக்கிறது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நூறு மைலுக்கு மேல். அன்றைக்கு எல்லோரும் வெளியே போய், வெயிலில் ஈரத்துணியை உலர்த்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரை ஒரு மாசம் ரிப்பேர் செய்யவில்லை, வேண்டுமென்றேதான்.

மூன்றாவது, வரிசையை மாற்றினேன். முன்பு வீடியோ முதலில், விதை பிறகு. இப்போது விதை முதலில். ஊன்றி, தண்ணீர் விட்டு, காத்திருந்து, முளைத்த பிறகுதான் வீடியோ. அப்போது அவர்கள் பார்க்கிற விதமே வேறு. "சார், இவங்க வேகமா ஓட்டறாங்க", "எங்களுது இப்படி நேரா வரலை, கோணலா வந்துச்சு" என்று குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். மண்ணுக்குள்ளே நடந்ததை மட்டும் யாரும் பார்க்க முடியவில்லை அல்லவா? அந்த இடம் வரும்போது வகுப்பே முன்னால் நகர்ந்து வரும். கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டுவது, அனிமேஷனுக்கென்றே இருக்கிற வேலை. ரத்த ஓட்டம், இலைத்துளை, கிரகணம் இதற்கெல்லாம் அதைவிட்டால் எனக்கு வேறு கதி தெரியவில்லை. துணி காய்வதைக் காட்ட அது வேண்டாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. காலையில் டீ குடிக்கும்போது ஒரு தம்பி என்னிடம், "சார், எல்லாம் வீடியோவுல வந்துடுச்சு, இனிமே வாத்தியார் வேலைக்குப் போறது புத்திசாலித்தனமா?" என்று கேட்டார். 2018-லிருந்து நம் பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு வந்தது, அதை போனில் காட்டினால் வீடியோ. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-ல் கொரோனாவில் பள்ளியை மூடியபோது, அந்தத் தொலைக்காட்சி இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமே கிடையாது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் 2021-ல் பிள்ளைகள் திரும்பி வந்தபோது நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். தினமும் டி.வி. பார்த்த வீட்டிலும், பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்க ஒரு அக்காவோ பாட்டியோ இருந்த பிள்ளைக்கும், தனியாகப் பார்த்த பிள்ளைக்கும் நடுவே ஒரு வகுப்பு வித்தியாசம் இருந்தது. அந்தப் பாட்டிகளில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தம்பிக்கு என் பதில் அவ்வளவுதான்.

இனி செயற்குழுவுக்கு. டி.வி. கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 1990-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கரும்பலகைத் திட்டத்தில் வந்த அறிவியல் பெட்டி ஒன்று பீரோவில் பூட்டி இருந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் தலைமையாசிரியர் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். நீங்கள் கொடுக்கிற டி.வி.க்கும் அந்த கதி வரக்கூடாது என்றால், ரிப்பேருக்கு ஒரு சிறு தொகையும், "உடைஞ்சா பரவாயில்லை, நாங்க பாத்துக்கறோம்" என்று எழுத்தில் ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுங்கள். ஜன்னலுக்குத் திரைச்சீலை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. எனக்கு வந்தது, போர்வை கட்டியவன் என்பதால். பென் டிரைவில் ஐந்நூறு வீடியோ வேண்டாம். முப்பது போதும், ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிஷத்துக்குள். நம்மில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், நான் வருகிறேன். அப்புறம், ஒவ்வொரு பள்ளிக்கும் நாற்பது பக்க நோட்டு நூறும், மொச்சைக் கொட்டை இரண்டு கிலோவும் கொடுங்கள். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அந்தப் பையன் தோண்டிப் போட்ட பிறகு, எல்லோரையும் மறுபடி ஊன்றச் சொன்னேன். இந்தத் தடவை ஆளுக்கொரு நோட்டு. தினம் காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம், பக்கத்தின் ஓரத்தில் ஒரே இடத்தில் போடவேண்டும். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால், அடுத்த தாளை மேலே போட்டதும் கீழே உள்ள படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து அடுத்ததைப் போடலாம். பத்து நாளில் இருபது படம். கட்டை விரலால் சரசரவென்று விட்டால் செடி முளைக்கும். சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. கையால் வரைகிற கார்ட்டூனில் பெரும்பாலும் விநாடிக்குப் பன்னிரண்டு வரைவார்கள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டுவார்கள் என்று சொன்னேன். ஒரு நிமிஷத்துக்கு 720 படம் என்று கணக்குப் போட்டு வாயைப் பிளந்தார்கள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாரும் வீடியோவைப் பார்த்துவிட்டு விதையைத் தோண்டவில்லை. யாரோ உட்கார்ந்து வரைந்தது, வேண்டிய இடத்தில் வேகமாக ஓட்டியது என்று அவர்களுக்கு விரலிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பையன் மட்டும் என்னிடம் வந்து, "மொதல்ல நடந்ததையும் போடணுமா சார்?" என்று கேட்டான். "உன் இஷ்டம்டா" என்றேன். போட்டிருக்கிறான். நான் ஓய்வு பெற்ற அன்று அவனே கொண்டுவந்து கொடுத்த நோட்டு இதுதான். விட்டுப் பாருங்கள்: கொட்டை உப்பும், ஒரு கை வரும், பறித்துக்கொண்டு போகும், நான்கு பக்கம் வெறும் மண், மறுபடி ஒரு கொட்டை, அப்புறம் மெதுவாக முளைக்கும். முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். பென்சில் அழிந்துகொண்டு வருகிறது, ஓரமும் கிழிந்திருக்கிறது, கொஞ்சம் பார்த்துப் புரட்டுங்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எனக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும்.